வெள்ளை முளைகளுக்கு உள்ளே

முளைகள் இடம் மாறியிருந்ததை நான் பார்த்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்கே மனசு மாறிவிடும்.

1946ஆம் வருஷத்துக் கோடை. எங்கள் ஊர் ஹார்ரிவாராவில் வீடு என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஜெர்மன் படை வடக்கே பின்வாங்கியபோது எங்கள் லாப்லாந்து மாகாணம் முழுவதையும் கொளுத்திக்கொண்டே போனது. நாங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஸ்வீடனுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது ஆற்றங்கரை நெடுகப் புகைபோக்கிகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. கொளுத்தியது போதாதென்று மண்ணுக்குள் கண்ணிவெடிகளையும் புதைத்திருந்தார்கள். பாதையில், கிணற்றடியில், உருளைக்கிழங்குக் கொல்லையில், எங்கே என்று கணக்கில்லை. வந்த முதல் மாதத்தில் மூன்று மாடுகளும் ஒரு தபால்காரரும் போனார்கள்.

என் கணவர் போரிலேயே போய்விட்டார். நானும் என் மகள் லாஹ்யாவும் சிப்பாய்கள் விட்டுப்போன மண்குழி ஒன்றில் குடியிருந்தோம். மேலே மரக்கட்டை, அதன்மேல் மண், உள்ளே எப்போதும் ஈரம். மழை நின்று இரண்டு நாளுக்குப் பிறகும் உள்ளே சொட்டும். லாஹ்யாவுக்கு அப்போது ஏழு வயது. முதல் குளிர்காலத்திலேயே நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமினால் சின்ன உடம்பு வில்லாக வளையும். வசந்தத்தில் வந்த நர்ஸ் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"இன்னொரு குளிர்காலம் இந்தக் குழியில இருந்தா புள்ள தாங்காதும்மா. காஞ்ச வீடா பாத்துப் போயிருங்க."

காய்ந்த வீடு! கடையில் விற்கிறதா என்ன? எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு வழிகூடக் காட்டவில்லை.

யாருக்கு எப்போது வீடு என்று ஊராட்சிக் கமிட்டி ஒரு பட்டியல் போட்டிருந்தது. எங்கள் பெயர் அதில் ஒன்பதாவது. ஊராரே கூடிக் கட்டினால் கோடையில் ஐந்து வீடு எழும்பும், ஆறு எழும்பினால் அதிசயம். அப்போதுதான் அந்த வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். டென்மார்க், ஹாலந்து, சுவிட்சர்லாந்து என்று பல தேசத்துக்காரர்கள், பன்னிரண்டு பேர். போரில் அழிந்ததைக் கையால் கட்டித் தருகிறோம், கூலி வேண்டாம், படுக்க இடம் காட்டினால் போதும் என்றார்கள். ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். இவர்களை நம்பிக் கமிட்டி அந்தக் கோடையிலேயே ஒன்பது வீடு என்று முடிவு செய்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி அவர்கள் கிளம்ப வேண்டும், அதற்குள் என் வீடு.

எங்கள் பக்கத்தில் தல்கோத் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு வேலை என்றால் ஊரே வந்து செய்யும். வீட்டுக்காரி சோறும் காப்பியும் கொடுக்க வேண்டும். வந்து உழைக்கிறவர்களின் கைவேலையைக் குறை சொல்லக் கூடாது. ஆணி கோணலாக அடித்தால் அவர்கள் போன பிறகு பிடுங்கி அடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த வெளிநாட்டுக்காரர்களும் எங்களுக்குத் தல்கோத் ஆட்கள்தான்.

அவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஹோல்கர் டென்மார்க்காரன், கொத்தனார், முப்பது வயது. ஸ்வீடனில் நான் கற்ற அரைகுறைப் பேச்சும் அவன் பேச்சும் ஒருவாறு ஒத்துப்போயின. குழியில் குடியிருந்த என்னை அவன் முதல் நாளிலிருந்தே வீட்டுக்காரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

"வீட்டுக்காரம்மா, உங்க ஊர்க் கொசுவுக்கு ரேஷன் கார்டு குடுக்கலயா? எல்லாம் என் ஒருத்தனையே நம்பியில்ல இருக்கு!"

"உன் உடம்ப ஊர்க் கொசு பூரா வந்து தின்னாலும் தீராது, போடா" என்பேன்.

இன்னொருத்தி டீனெகெ. ஹாலந்தில் பள்ளிக்கூட டீச்சர், எங்கள் அரைகுறைப் பேச்சை ஹோல்கரிடம் கேட்டுக் கேட்டு அவளும் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லி. அவள் ஊரிலும் போரில் பட்டினி கிடந்திருக்கிறார்கள். கோணலாக எதைப் பார்த்தாலும் அவள் கை சும்மா இருக்காது. நான் வைக்கிற தட்டுகளைக்கூட வரிசை பிடித்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாள். நல்லவள். லாஹ்யாவுக்குத் தன் கம்பளிச் சட்டையைப் பிரித்து ஒரு குல்லா பின்னிக் கொடுத்தாள்.

வீட்டு மனையை வெடி இருக்கிறதா என்று சோதித்தது என் கணவரின் தம்பி ரெய்னோ. அரசாங்கத்துக் கண்ணிவெடிப் படையில் இருந்தான். இரும்புக் கம்பியால் மண்ணைச் சாண் சாணாகக் குத்திப் பார்த்து, சுத்தமான இடத்தைச் சுற்றிப் பட்டை உரித்த பிர்ச் மரக் குச்சிகளை முளைகளாக அடிப்பான். வெள்ளை முளைக்கு உள்ளே இருந்தால் உயிர் உன்னுடையது. வெளியே போனால் அவன் பொறுப்பில்லை. என் மனையில் முளைகள் மூன்று பக்கம் ஒழுங்காகப் போய், நாலாவது பக்கம் கிணற்றருகே முழங்கை மடக்கியதுபோல உள்ளே வளைந்திருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. அடித்த கையோடு அவனைப் பக்கத்துத் தாலுகாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புவான்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நூல் பிடித்த அன்று முளைக்குச்சி போதவில்லை. நான் ஆற்றில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். டீனெகெ கிணற்றுப் பக்கம் போய் வெள்ளை முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவது தெரிந்தது. கத்த வாய் எடுத்தேன், அதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் அஸ்திவாரக் கல் வைத்து முடிந்ததும் பொறுப்பாக அவளே திரும்பக் கொண்டுவந்து நட்டாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வரிசை சரியா என்று பார்த்துப் பார்த்து நட்டாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் போய் நின்றேன். வளைவைக் காணோம். நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோடு. நாலு தப்படி அகலம், பத்துத் தப்படி நீளம். வெளியே இருந்த அவ்வளவு மண் இப்போது உள்ளே வந்திருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். இதைக் கேட்கிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் என் தோழி வியெனோவுக்கு நடந்தது எனக்குத் தெரியும். வசந்தத்தில் அவள் மனையில் ஒரு முளை சாய்ந்திருந்தது. நாணயமாகப் போய்ச் சொன்னாள். சந்தேகம் வந்தால் மனையை மூட வேண்டும் என்பது சட்டம். மூடினார்கள். சோதனைக்கு ஆள் வரும்வரை அவள் முறை அடுத்தவனுக்குப் போனது. ஆள் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று போனபோது அவள் பெயர் பட்டியலின் அடியில் கிடந்தது. நான் மனையை மூடச் சொன்னால் ரெய்னோ வருகிற நாளில் இவர்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் குழியில் இருப்போம்.

அன்று குழிக்குத் திரும்பியபோது லாஹ்யா இருமிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு, "அம்மா, நம்ம வீட்டுக்கு ஜன்னல் எத்தனை?" என்று கேட்டாள்.

"நாலு" என்றேன். அதோடு முடிவாகிவிட்டது.

வாயை மூடிக்கொண்டேனே தவிர மனசு மூடவில்லை. மற்றவர்கள் அந்த மண்ணில் கால் வைக்குமுன் நான் வைத்துவிடுகிறேன், போனால் நான் போகிறேன் என்று எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன். லாஹ்யாவை வியெனோவிடம் விட்டேன்.

"எனக்கு ஏதாவதுன்னா இவளை நீ பாத்துக்குவியாடி?"

"காலங்காத்தால என்னடி பேச்சு இது? வீடு வரப்போற மொகமா இது? போய்க் கண்ணாடியில பாரு" என்றாள் வியெனோ.

"கண்ணாடிக்கு எங்கடி போறது" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் இப்படி நடந்தேன். பாதத்துக்கு முன்னால் பாதம், ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல், நீளவாக்கில் போய்த் திரும்பி, பக்கத்திலேயே இன்னொரு வரிசை. கிணற்றோரத்தில் கால் வைத்த ஒவ்வொரு முறையும் என் கால் பிய்ந்து போவதை முன்கூட்டியே பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. முடித்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் மறுபடி நடந்தேன், குறுக்குவாக்கில். மூன்றாம் நாள் பால் கேனைச் சுமந்துகொண்டு நடந்தேன். ஐந்தாம் நாள் அங்கே கொடி கட்டித் துணி காயப்போட்டேன்.

மற்றவர்களும் வந்தார்கள். கிணற்றுக்கு அதுதான் குறுக்கு வழி என்பதால் ஒரு வாரத்தில் புல் படுத்துப் பாதை விழுந்தது. ஒரு நாள் மத்தியானம் டீனெகெ அங்கேயே போர்வையை விரித்துவிட்டாள். பன்னிரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து உப்பு மீனும் வாற்கோதுமை ரொட்டியும் சாப்பிட்டார்கள். நான் ஒவ்வொருவருக்காகக் காப்பி ஊற்றிக்கொண்டு போனேன். என் கையைப் பார்த்துவிட்டு ஹோல்கர் கேட்டான்.

"என்ன வீட்டுக்காரம்மா, காப்பி சாசர்ல ஊத்துது? எங்கள வெரட்டறதுக்கு அவசரமா?"

"நீ குடிக்கிற குடிக்கு வாளியில ஊத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாராவது சிரித்துச் சிரித்துக் காலை உதைத்துவிடப் போகிறார்களே என்று எனக்கு உள்ளே பதைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போனது. என் கால் சோதித்த மண், ரெய்னோவின் கம்பியைவிட என் கால் பெரிது என்று ஒரு திமிர்கூட வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்தத் திமிரைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

சுவர் எழும்பியது. கைமரம் ஏறியது. ஜன்னல் நாலும் நின்றன. ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி பாக்கி இருந்தது கூரைப் பலகையும் அடுப்பும் புகைபோக்கியும்தான். அதுவரை வந்த சாமானெல்லாம் பலகையும் சட்டமும். சாலையிலிருந்து மனைக்கு வரும் வழியில் இருந்த சதுப்பைச் சுற்றிக்கொண்டு தோளில் சுமந்தே கொண்டுவந்துவிட்டார்கள். செங்கல்லை அப்படிச் சுமக்க முடியுமா? ரொவானியெமி டவுனிலிருந்து லாரி வந்து சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போனது. ஊரில் மிஞ்சியிருந்த ஒரே குதிரையை வண்டியில் பூட்டி ஹோல்கர் சதுப்பு வழியாக ஒரு நடை ஓட்டிப் பார்த்தான். சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. பாதிச் சுமையை இறக்கித்தான் வண்டியை மீட்டார்கள். முழங்கால்வரை சேற்றோடு என்னிடம் வந்தான்.

"வீட்டுக்காரம்மா, கெணத்துப் பக்கமா நேரா ஓட்டிட்டு வந்தா என்ன? முளைக்கு உள்ளதான இருக்கு?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமா வா. நான் தெனமும் நடக்கிற எடம்தான்" என்றேன்.

அவன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சாலைக்குப் போனான். நான் மத்தியானச் சமையலுக்காக அரை கிலோமீட்டர் தள்ளி இருந்த குழிக்கு வந்தேன். வாசலில் ரெய்னோ மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டான்.

"என்ன அண்ணி, மாளிகை எழும்பிருச்சாம்ல? காப்பி உண்டா, இல்ல எல்லாம் வெளிநாட்டு மாப்பிள்ளைங்களுக்குத்தானா?"

எனக்கு அவனைப் பார்த்ததில் சந்தோஷம். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். இனிமேல் கேட்டால் என்ன என்று தோன்றியது.

"ஏம்ப்பா, கெணத்துகிட்ட முளைய வளைச்சு அடிச்சியே, எதுக்கு?"

"அங்க கம்பி குத்துனா டொங்குன்னு நின்னுருச்சு. கல்லா வேற ஏதாவதான்னு தெரியல. தோண்டிப் பாக்கறதுக்குள்ள என்னை வண்டியில ஏத்திட்டாங்க. வெளியதான இருக்கு, வந்து பாத்துக்கலாம்னு விட்டேன்."

"கல்லாத்தான் இருக்கும். வெடியா இருந்தா ஆள் நடக்கையில தெரிஞ்சிராதா?"

அவன் சிரித்தான். "பெரிய வெடிக்கு ஆளெல்லாம் ஈ மாதிரி அண்ணி. டாங்கிக்குன்னு வச்சது, நீ ஏறிக் குதிச்சாலும் அசையாது. இப்பப் பாரு, நான் போன ஊர்ல ஒரு பாதை. ரெண்டு வருஷமா ஜனம் நடந்துச்சு, பள்ளிக்கூடப் புள்ளைங்க நடந்துச்சு. போன வாரம் பால் லாரி ஏறுச்சு. டிரைவரோட பூட்ஸ் மட்டும்தான்…"

மீதியை நான் கேட்கவில்லை. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் ரெய்னோ "அண்ணி! அண்ணி!" என்று கத்தியது கேட்டது. பாவாடை காலில் சுற்றியது, இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடினேன். மேட்டில் ஏறியபோது மனை முழுசும் தெரிந்தது. கூரைமேல் எட்டு பேர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி சாலையை விட்டுத் திரும்பிக் கிணற்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. சிவப்பாகச் செங்கல் குவிந்திருந்தது. ஹோல்கர் கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைக்குப் பக்கத்தில் நடந்து வந்தான்.

"நிறுத்து! ஹோல்கர், நிறுத்து!"

அந்தச் சுத்தியல் சத்தத்தில் அங்கே என்ன கேட்கும்? நான் கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். செங்கல் வந்த சந்தோஷத்தில் ஓடி வருகிறாள் என்று நினைத்திருப்பான். தொப்பியைக் கழற்றி உயர்த்தி ஆட்டினான். குதிரை முன்னால் போய்விட்டது. முன் சக்கரம் என் துணிக்கொடிக்குக் கீழே வந்தது.

சத்தத்துக்கும் முன்னால் மண் எழும்பியதுதான் எனக்கு ஞாபகம். பிறகு செங்கல் மழையாக விழுந்தது. கூரையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், அவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடி நாலும் போனது. வீடு நின்றது. ஹோல்கரும் குதிரையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்து விசாரித்தார். கூடாரத்துக்கு வெளியே மேஜை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவர் கேட்குமுன்பே டீனெகெ எழுந்து நின்றுவிட்டாள்.

"முளைய நான்தான் புடுங்கினேன். திரும்ப நான்தான் நட்டேன். கோணலா இருந்துச்சுன்னு… நேரா நட்டேன். நான்தான் அவனைக் கொன்னேன்."

அதிகாரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். மனைக்காரர் விஷயம் தெரிந்தும் மறைத்திருந்தால் மனை பறிக்கப்பட்டுப் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். பிறகு, "நீங்க கவனிச்சீங்களாம்மா?" என்றார்.

ரெய்னோ எனக்கு எதிரே நின்றிருந்தான். நான் எதற்காக ஓடினேன் என்று அவனுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்க்கவில்லை, லாஹ்யாவைப் பார்த்தான். அவள் வியெனோவின் மடியில் அந்தக் குல்லாவோடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

ரெய்னோ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டில் அவன் காப்பி குடித்ததே இல்லை.

மற்றவர்கள் கிளம்புகிற தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு மேலும் பத்து நாள் இருந்தார்கள். பள்ளத்தைச் சுற்றிச் சிதறிய செங்கற்களை டீனெகெ ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து அடுக்கினாள். உடையாதவற்றைக் கொண்டு என் அடுப்பையும் புகைபோக்கியையும் கட்டி முடித்தார்கள். போகிற நாளில் அவள் என்னிடம் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சைமா, நீங்க ஒரு நாளும் கவனிக்கலையா? கோணல் நேரானதை?"

"இல்லம்மா."

"கவனிச்சிருந்தா சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்" என்றேன்.

என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, பிடுங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் லாஹ்யாவின் இருமல் நின்றது. இப்போது அவள் ரொவானியெமியில் நர்ஸ், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். டீனெகெ திருமணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லையாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளிடமிருந்து கடிதம் வரும். வானிலை, உடம்பு, பூனை என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி: சைமா, என்னை மன்னித்துவிட்டீர்களா?

லாஹ்யா பண்டிகைக்கு வரும்போது என் பதிலைத் தபாலில் போட எடுத்துப் போவாள். ஒட்டுமுன் படித்துப் பார்ப்பாள். "உனக்கு எவ்வளவு பெரிய மனசும்மா" என்பாள்.

நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இருபத்தாறு வருஷமாக, ஒவ்வொரு வருஷமும், நான் அவளை மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.